டெர்மினேட்டர் முதல் பாகுபலி வரை: இரண்டாம் பாகங்களைத் தேடி வரும் வீடியோ கேம்கள்

பெங்களூரு: ஒரு திரைப்படம் வெற்றி பெறுமா என்பது அது திரைக்கு வரும் நாள் வரை எவருக்கும் தெரியாது. அப்படத்தை ஒட்டி வீடியோ கேம் ஒன்றை உருவாக்கவோ பல மாதங்கள் தேவைப்படும். நாயகனும் வில்லனும் ஆயுதங்களும் ஏற்கெனவே மக்களிடம் அறிமுகமாகிவிட்ட இரண்டாம் பாகம், கேம் நிறுவனங்களுக்குப் பாதுகாப்பான தேர்வாகத் தோன்றுவது இதனால்தான்.

ஒரு படம், பல கேம்கள்:

இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, ஜேம்ஸ் கேமரூன் இயக்கத்தில் 1991ஆம் ஆண்டு வெளியான 'டெர்மினேட்டர் 2: ஜட்ஜ்மென்ட் டே'. அதே ஆண்டில் மிட்வே நிறுவனம், நாணயம் போட்டு ஆடும் இயந்திரமாக அதன் கேமை வெளியிட்டது. இயந்திரத்தில் பொருத்தப்பட்ட துப்பாக்கியைப் பிடித்து, திரையில் வரும் ரோபோக்களைச் சுட வேண்டும். வீட்டுக் கணினிகளுக்கு ஓஷன் நிறுவனமும், தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் கருவிகளுக்கு எல்ஜேஎன் நிறுவனமும் வேறு வேறு கேம்களை விற்றன. 1993இல் இப்படத்தின் பெயரில் சதுரங்க கேம் கூட வந்தது! கதைக்கும் சதுரங்கத்துக்கும் என்ன தொடர்பு என்பது வேறு விஷயம். பெயருக்கு இருந்த மதிப்பே அங்கு விற்பனைப் பொருளானது.

இந்தியாவில், ஹிருத்திக் ரோஷன் நடித்த அறிவியல் புனைவுப் படமான 'கிரிஷ் 3' 2013இல் வெளியானபோது, ஹங்காமாவும் ஹைதராபாத்தைச் சேர்ந்த கேம்சாஸ்த்ராவும் விண்டோஸ் கருவிகளுக்கான கேமை வெளியிட்டன.

தேதி என்னும் சிக்கல்:

படத்தை நம்பி இறங்கும் கேமுக்குப் பட வெளியீட்டு நாளே கெடு. அந்நாளோ கேம் நிறுவனத்தின் கையில் இல்லை. 'எந்திரன்' படத்தின் தொடர்ச்சியான '2.0', 2017 தீபாவளிக்குத் திட்டமிடப்பட்டு, கிராஃபிக்ஸ் பணிகள் நீண்டதால் 2018 நவம்பர் 29 அன்றுதான் திரைக்கு வந்தது. இத்தகைய தாமதத்தை ஒரு பெரிய தயாரிப்பு நிறுவனம் தாங்கிக்கொள்ளலாம். ஊழியர்களுக்கு மாதந்தோறும் ஊதியம் வழங்க வேண்டிய சிறிய கேம் நிறுவனத்துக்கு அது எளிதன்று.

பெங்களூருவில் உருவான மகிழ்மதி:

பெங்களூருவின் மூன்ஃபிராக் லேப்ஸ், 2017 ஏப்ரல் 28 அன்று வெளியான 'பாகுபலி 2' படத்தையொட்டி 'பாகுபலி: தி கேம்' என்ற செல்போன் கேமைக் கொண்டுவந்தது. இது அறிவியல் புனைவு அன்று. எனினும் அணுகுமுறை கவனிக்கத்தக்கது. படத்தின் கதையை மீண்டும் சொல்லாமல், மகிழ்மதிக்குப் படை திரட்டிக் காலகேயர்களை எதிர்கொள்ளும் வியூக விளையாட்டாக அது அமைக்கப்பட்டது. பாகுபலியைக் கட்டப்பா ஏன் கொன்றார் என்று நாடே கேட்டுக்கொண்டிருந்த வேளையில், கதையின் ரகசியம் கசியும் ஆபத்து இம்முறையில் இல்லை. மேலும், படத்தில் உள்ள சண்டைக் காட்சிகள் விரைவில் தீர்ந்துவிடும். படை திரட்டுவதோ மாதக்கணக்கில் நீளும்.

பாத்திரங்கள் யாருக்குச் சொந்தம்?

எவ்வளவு உழைத்தாலும் கட்டப்பாவும் தேவசேனையும் கேம் நிறுவனத்தின் சொத்தாகிவிடுவதில்லை. உரிமம் உள்ளவரை மட்டுமே அவர்களைப் பயன்படுத்த முடியும். பெங்களூருவின் கேம் துறைக்கு இது புதிதன்று. 1997இல் ராஜேஷ் ராவ் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், இன்ஃபோகிராம்ஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்காக 'மிஷன் இம்பாசிபிள்' கேமில் பணியாற்றியது. பின்னர் பல ஆண்டுகள் வெளிநாட்டு நிறுவனங்களின் கேம்களுக்கு வரைகலைப் பணிகளைச் செய்துவந்த அந்நிறுவனத்தை, 2019இல் 'ஜிடிஏ' கேம்களை உருவாக்கிய ராக்ஸ்டார் கேம்ஸ் வாங்கியது.

மூன்ஃபிராக் நிறுவனத்தை 2021இல் சுமார் 9 கோடி டாலர் மதிப்பில் கையகப்படுத்துவதாக சுவீடனின் ஸ்டில்ஃபிரண்ட் குழுமம் அறிவித்தது. அப்போது அதன் முதன்மை கேம்களாகக் குறிப்பிடப்பட்டவை, எந்தத் திரைப்படத்தின் உரிமமும் தேவைப்படாத 'தீன் பத்தி கோல்டு', 'லூடோ கிளப்' ஆகியவை.