கோழி இறங்கினால்தான் வண்டி கிளம்பும்

ஒரு ரகசியம் சொல்கிறேன், கிட்டே வாருங்கள். ஓடாத வண்டி வாங்குகிற குஷி புது வண்டியில் கிடையவே கிடையாது!

என்னிடம் இருப்பது 1998 மாடல் மாருதி ஆம்னி. சினிமாவில் ஆள் கடத்த வருமே, அதே பெட்டிதான். 1984இல் மாருதி வேன் என்று வந்தது, 1988இல் ஆம்னி ஆனது, 2019இல் நின்றுபோனது. எஞ்சினைப் பற்றிக் கவலையில்லை. மாருதி 800இல் இருந்த அதே 796 சிசி. சாமான் எங்காவது அகப்பட்டுவிடும். உயிரை வாங்குவது சில்லறைச் சாமான்கள்தான். தள்ளுகதவின் ரோலர், கண்ணாடிக் கொக்கி, ரப்பர் பீடிங்... எந்தக் கடையில் கேட்டாலும், “அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார்.” என் வண்டியின் கதவைத் திறக்க ஒருவர் உள்ளேயிருந்து உதைக்க வேண்டும், இன்னொருவர் வெளியிலிருந்து இழுக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் கபிஸ்தலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மாட்டுக் கொட்டகையில் ஓர் ஆம்னி நிற்பதாகக் காதில் விழுந்தது. ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய வண்டி. துரு தின்ற தரை ஓட்டையில் புல் எட்டிப் பார்த்தது. சீட்டுக்கடியில் உடைந்த பென்சில், ஹேர்பின், புளியங்கொட்டை. தள்ளுகதவைப் பிடித்து லேசாக இழுத்தேன். சர்ர்ரென்று வழுக்கிக்கொண்டு போனது! முகத்தில் சந்தோஷத்தைக் காட்டினால் விலை ஏறும் என்று இருமிச் சமாளித்தேன்.

“இரும்புக் கடைக்காரன் எடைக்குக் கேட்டான் தம்பி, எனக்கு மனசு வரல” என்றார் பெரியவர். 18,000 ரூபாயில் முடிந்தது. ஆர்.சி.யை வாங்கி எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் ஒத்துப் பார்த்தேன். உதிரிக்காகப் பிரிக்கப்போகிற வண்டி என்றால், இனி ஓடாது என்று 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். அதற்கும் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

பணத்தை எண்ணி வைத்த பிறகுதான் அவர் வீட்டம்மா பின்சீட்டைக் காட்டினார். அங்கே ஓர் அடைக்கோழி, என்னை முறைத்துக்கொண்டு. “முட்டை வச்சு பத்து நாள்தான் ஆகுது. குஞ்சு பொரிச்சதும் எடுத்துட்டுப் போங்க தம்பி.” கோழிக் கணக்கு 21 நாள். பாக்கி பதினொரு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள்.

முதலில் குட்டியானையில் ஏற்றலாம் என்றுதான் நினைத்தேன். ஆம்னியின் நீளம் பதினோரு அடி, யானை தாங்காது. ஆக, டிராக்டர். ஆனால் பின்சக்கரம் அசையவில்லை. ஹேண்ட்பிரேக்கைப் போட்டபடியே வருஷக்கணக்காக நின்றதில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தது. டிராக்டர் அண்ணன் சுத்தியலால் டிரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்ட, பத்தாவது தட்டில் ‘டக்’கென்று விட்டது. அந்தச் சத்தத்துக்கு நான் கைதட்டினேன், வெட்கமில்லாமல்.

இன்னொரு திரைமறைவுச் சங்கதி: பிரேக் சரியில்லாத வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. முன்னால் நிற்பவன் முதுகில் போய் மோதும். இரண்டுக்கும் நடுவே இரும்புக் குழாய் பூட்டினோம். இடைவெளி ஐந்து மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது சாலை விதி. எங்களுக்கு இரண்டரையே போதுமாயிருந்தது. சாவியைத் திருப்பி ஸ்டீயரிங் பூட்டை எடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, நான் ஏறி உட்கார்ந்தேன். எஞ்சின் சத்தமில்லாமல், காவிரிக் காற்று தரை ஓட்டை வழியாக வேட்டிக்குள் புக, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஒரு பவனி! சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கிற பட்டறைகளைத் தாண்டி இந்தத் துருப் பிடித்த தகரம் போனபோது, வாசலில் நின்றவர் ஒருவர் கும்பிடே போட்டுவிட்டார். கிண்டலா பக்தியா தெரியவில்லை.

அன்று ராத்திரியே ரோலரைக் கழற்றி மாட்டியாயிற்று. என் கதவு இப்போது ஒற்றை விரலுக்குத் திறக்கிறது. எதிர்வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஏழெட்டுத் தடவை திறந்து மூடிக் காட்டினேன்.

மூன்றாம் நாள் பெரியவரிடமிருந்து போன். “கோழி வண்டி நின்ன இடத்தையே சுத்திச் சுத்தி வருது தம்பி. குஞ்சுங்களும் பின்னாடியே அலையுதுங்க. அந்தப் பின்சீட்டு மட்டும் உங்களுக்கு வேணுமா?”

நாலு போல்ட்டுதான். கழற்றி என் ஆம்னியில் ஏற்றிவிட்டேன். நாளைக் காலையில் கபிஸ்தலம்.