லைம் விரிகுடா கயாக் விபத்து
லைம் விரிகுடா கயாக் விபத்து என்பது 1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் தென்கடற்கரையில் நிகழ்ந்த விபத்து ஆகும். பிளிமத் நகரப் பள்ளி மாணவர் எண்மர், ஓர் ஆசிரியர், பயிற்றுநர் இருவர் ஆகியோர் லைம் ரீஜிசிலிருந்து கயாக் படகுகளில் புறப்பட்டனர். ஆசிரியரின் படகு கவிழ்ந்தது. அவருக்கு உதவ ஒரு பயிற்றுநர் பின்தங்கினார். மாணவர்கள் மற்றொருவருடன் காற்றில் விலகிச் சென்றனர். குழு இவ்வாறு பிரிந்ததே பெருங்கேடாயிற்று. படகின் திறப்பை மூடும் உறை இல்லாமையால் அலைநீர் புகுந்து படகுகள் மூழ்கின. உதவி கோர ஒளிச்சமிக்ஞைகளும் இல்லை. குளிர்நீரில் நெடுநேரம் கிடந்த மாணவர்களுள் நால்வர் இறந்தனர்.

கரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்று ஏமாற்றக்கூடியது. கரையோரம் அமைதியாகத் தோன்றும். விலக விலக அலை உயரும். தமிழகக் கிழக்குக் கரையில் கச்சான் காற்றும் படகை ஆழ்கடலுக்கே தள்ளும்.

பயிற்சி மையத்தின் பாதுகாப்புக் குறைகளை அங்கு முன்பு பணியாற்றிய பயிற்றுநர்கள் கடிதம் மூலம் ஏற்கனவே எச்சரித்திருந்தனர். 1994இல் மையத்தை நடத்திய நிறுவனம் தண்டிக்கப்பட்டது. இளையோர் சாகச மையங்களுக்கு உரிமம் பெறும் முறையை ஏற்படுத்தும் சட்டம் 1995இல் இயற்றப்பட்டது.