புளிச்சைக்குள் இரண்டு செடி

ஓமலூர் கடைவீதியில் "இது என்ன கீரைங்கக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "புளிச்சக்கீரை கண்ணு, ஒரு கட்டு எடுத்துக்கோ" என்றுதான் பதில் வரும். ஆனால் அந்த ஒரே பெயருக்குள் இரண்டு செடிகள் ஒளிந்திருக்கின்றன. இரண்டும் செம்பருத்திக்குப் பங்காளிகள். இரண்டின் இலையும் புளிக்கும். கடைந்து கேழ்வரகுக் களிக்குத் தொட்டுக்கொண்டால் இரண்டுமே பிரமாதம்!

அறிவியலில் ஒன்று ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ், மற்றது ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா. இரண்டுக்கும் இப்பெயர்களை இட்டவர் லின்னேயஸ். கன்னாபினஸ் என்றால் 'கஞ்சாச் செடி போன்றது' என்று பொருள். பயப்படாதீங்க, போதையெல்லாம் கிடையாது!

தண்டின் நிறத்தை வைத்துப் பிரிக்கலாமே என்பீர்கள். அது சரிவராது. இரண்டிலுமே பச்சைத் தண்டும் உண்டு, சிவப்புத் தண்டும் உண்டு. பூவும் அப்படியே: வெளிர்மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு. உண்மை தெரிவது பூ உதிர்ந்த பிறகுதான். காயைச் சுற்றியுள்ள புல்லியைப் பாருங்கள். சப்டாரிஃபாவில் அது தடித்து, சதைப்பற்றோடு இருக்கும். ஜாமும் சர்பத்தும் செய்வது அதில்தான். எகிப்திலும் சூடானிலும் குடிக்கும் 'கர்கடே' பானமும் அதுவே. கன்னாபினஸில் புல்லி மெல்லியது. சுணை நிறைந்து கையைக் குத்தும்.

செல்லுக்குள்ளும் வேறுபாடு உண்டு. கன்னாபினஸுக்குக் குரோமோசோம்கள் 36. சப்டாரிஃபாவுக்கு இரு மடங்காக 72.

இரண்டின் பட்டையிலும் நார் உண்டு. வியாபாரத்தில் இரண்டுக்கும் பெயர் 'மெஸ்தா'. 1947 பிரிவினையில் சணல் விளையும் நிலத்தின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போனது. ஆலைகளோ கல்கத்தாப் பக்கம் நின்றன. அப்போது கைகொடுத்த நார்களில் மெஸ்தாவும் ஒன்று. தண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் நுண்ணுயிர்கள் பட்டையிலுள்ள பெக்டினைக் கரைத்துவிடும். நார் தானாகக் கழன்று வரும். கன்னாபினஸ் நாலைந்து மாதத்தில் நாருக்குத் தயார். சப்டாரிஃபாவுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் வேண்டும். ஆனால் வறட்சியை அதிகம் தாங்கும்.

இதெல்லாம் நமக்கெதற்கு என்கிறீர்களா? மழையை நம்பி விதைக்கும் நம் பக்கத்து மானாவாரி விவசாயிக்கு இதுதான் கணக்கு. ஜாமுக்கென்று நினைத்துக் கன்னாபினஸை விதைத்தால் மிஞ்சுவது சுணைதான். அவசர நாருக்குச் சப்டாரிஃபாவை விதைத்தால் காத்திருந்தே காலம் போய்விடும். கீரை கடையும் வரை பேதம் தெரியாது. அதற்குமேல் ஆசைப்பட்டால் ஒரு போகமே போச்சு!

ஆகவே தோழர்களே, வீட்டில் விதை வாங்கப் போனால், "காயோடு காட்டுங்க" என்று கேட்கச் சொல்லுங்கள். பெயரை நம்பாதீர்கள், புல்லியை நம்புங்கள்!