உங்களுக்குத் தெரியுமா? அனுப்பியவர் யாரோ!

● கோபாலபுரத்தில் ஒருவர், ஆளின் அடையாளத்தை மறைக்கும் டார் உலாவியில் ஒரு தளத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரது கோரிக்கை வழக்கமாக மூன்று கணினிகளைத் தாண்டிப் போகும். முதல் கணினிக்கு ஆள் எங்கிருந்து வருகிறார் என்று தெரியும். எங்கே போகிறார் என்று தெரியாது. மூன்றாவதற்குப் போகுமிடம் தெரியும், ஆள் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. வெங்காயத்தின் பெயரைத் தாங்கிய இந்த முறையை 1990-களில் உருவாக்கியது அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம்!

● வெங்காயம் வந்தால் பூண்டு வராமல் இருக்குமா? 2003-இல் தொடங்கிய ஐ2பி வலையமைப்பில் பல செய்திகளைப் பூண்டுப் பற்களைப் போல ஒரே உறைக்குள் வைத்து அனுப்ப முடியும். போக ஒரு பாதை, வர வேறொரு பாதை. பத்து நிமிடத்தில் இரண்டும் காலாவதி.

● கட்டற்ற மென்பொருளான குனூநெட் 2001-இல் வெளிவந்தது. தலைமைச் சர்வர் கிடையாது. இந்த வலையில் சேர்கிற கணினிகள் முன்பின் தெரியாதவர்களின் கோரிக்கைகளையும் சுமக்கும். நெரிசல் நேரத்தில், அதிகம் சுமந்தவருக்கே முன்னுரிமை. கோப்பைப் பகிரும்போது எவ்வளவு மறைய வேண்டும் என்பதை எண்ணாகக் கொடுக்கலாம். 0 என்றால் மறைப்பே இல்லை. 1 என்பது இயல்புநிலை. அதற்கு மேலே போனால், மற்றவர்களின் போக்குவரத்து போதிய அளவு சேரும்வரை உங்கள் கோரிக்கை காத்திருக்கும். ரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டத்தில் ஒருவரைப் பின்தொடர்வது கடினம், விடியற்காலையில் எளிது, அதே கணக்குத்தான். எண்ணைக் கூட்டினால் வேகம் குறையும் என்பதையும் கையேடு மறைக்கவில்லை. தற்பெருமையே நிறைந்த மென்பொருள் கையேடுகளுக்கு நடுவே இது அபூர்வம்.

● டார் வழியாக டோரன்ட் இறக்கினால் உங்கள் ஐ.பி. முகவரி வெளியே கசியலாம். சொல்வது டார் அமைப்பேதான்.

● 'இதை முதலில் அனுப்பியது யார்?' என்ற கேள்வி சென்னையிலும் பெரிய வழக்கானது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரி 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாயின. விசாரணை வாட்ஸ்அப் பக்கம் திரும்பியது. முதலில் அனுப்பியவரின் எண்ணைச் செய்தியோடு சேர்த்தே அனுப்பலாம் என்று 2019-இல் யோசனை சொன்னவர் அடையாறு ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. காமகோடி (இன்று அதன் இயக்குநர்). எண்ணை மாற்றிப் போலியாக அனுப்பினால் அப்பாவி மாட்டுவாரே என்று மறுத்தவர், மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2021-இல் வந்த மத்திய அரசின் விதிகளோ, 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள செய்திச் செயலிகள், உத்தரவு வந்தால் முதல் அனுப்புநரைக் காட்டியே ஆக வேண்டும் என்றன. சரி, நிறுவனமும் சர்வரும் நடுவில் இல்லாத வலையில் உத்தரவை யாரிடம் கொடுப்பது? விதியில் அதற்குப் பதில் இல்லை.

● குனூநெட் கையேடு கட்டற்ற ஆவண உரிமத்தில் வெளியாகிறது. உரிம நிபந்தனைகளைப் பின்பற்றினால் தமிழாக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவரும் 'கணியம்' மின்னிதழும் 2012-இலேயே தொடங்கிவிட்டது. கையேட்டை மொழிபெயர்க்க ஆள் மட்டும் வேண்டும்!

● 2023 மே மாதம் மத்திய அரசு முடக்கிய 14 செயலிகளில் பிரையர் என்ற செய்திச் செயலியும் ஒன்று. அது இணையம் இருந்தால் டார் வழியாகப் போகும். இல்லையென்றால் புளூடூத், வைஃபை வழியாக ஒரு போனிலிருந்து பக்கத்துப் போனுக்கு நேராகவே செய்தியைக் கொடுத்துவிடும்.