பெயர் மாறிய நாடும் ஊர் மாறிய வீரரும்

உதைபந்தாட்ட வீரர் ஒருவர் அடிக்கடி கழகம் மாறி, நாடு விட்டு நாடு சென்று ஆடுவாரேயானால், பணத்தின் பின்னால் ஓடுபவர் என்றே இரசிகர்கள் அவரை எளிதில் எடைபோட்டுவிடுகின்றனர். அந்த அலைச்சலின் பின்னணியில் யுத்தம், தடைகள், சம்பள நிலுவை என வீரரின் கையில் இல்லாத காரணங்கள் பல இருப்பதை நாம் கவனிக்கத் தவறிவிடுகின்றோம். சேர்பியாவின் டெஜான் பெட்கோவிச்சினுடைய விளையாட்டு வாழ்க்கை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1972 இல் யூகோஸ்லாவியாவின் மைதான்பெக் நகரில் பிறந்த இவர், 16 வயதிலேயே நிஷ் நகரின் ரட்னிச்கி கழகத்துக்காக முதற்பிரிவில் ஆடத் தொடங்கினார். 1992 இல் பெல்கிரேட்டின் ரெட் ஸ்டார் கழகத்தில் இணைந்தார். அக்கழகம் அதற்கு முந்திய ஆண்டுதான் ஐரோப்பியக் கழகங்களுக்கான கிண்ணத்தை வென்றிருந்தது. ஆனால், அவர் இணைந்த வேளையில் நாடே சிதறிக்கொண்டிருந்தது.

பொஸ்னிய யுத்தத்தில் பெல்கிரேட் வகித்த பங்கு காரணமாக, 1992 மே 30 ஆம் திகதி ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 757 ஆம் இலக்கத் தீர்மானம், வர்த்தகத்தோடு விளையாட்டையும் தடைக்குள் கொண்டுவந்தது. அவ்வாண்டு ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான சுற்றுப்போட்டியில் யூகோஸ்லாவியாவுக்குப் பதிலாக அழைக்கப்பட்ட டென்மார்க்கே சம்பியனாகியது. 1994 உலகக் கிண்ணத்துக்கான வாயிலும் யூகோஸ்லாவியாவுக்கு அடைக்கப்பட்டது. பொஸ்னிய முஸ்லிம்கள் அனுபவித்த கொடுமைகளின் முன்னே ஒரு வீரரின் இழப்பு மிகச் சிறியதே. அத்தடை நியாயமற்றது என்பதும் நமது வாதமன்று. எனினும், ஆட்சியாளர் செய்த வினையின் பலனை அதில் பங்கற்ற இளைஞர்களும் சுமக்க நேர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

தடை தளர்ந்ததன் பின்னர், 1995 இன் இறுதியில் ரியல் மெட்ரிட் கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது. அதே டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் பொஸ்மன் வழக்கில் அளித்த தீர்ப்பு, ஐரோப்பிய ஒன்றியப் பிரஜைகளான வீரர்கள் மீதான எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை நீக்கியது. ஒன்றியத்துக்கு வெளியே இருந்த நாடுகளின் வீரர்களுக்கு அந்தச் சலுகை கிட்டவில்லை. மெட்ரிட்டில் நிலையான இடம் கிடைக்காத பெட்கோவிச், செவில்லாவுக்கும் ரேசிங் சன்டாண்டருக்கும் இரவலாக அனுப்பப்பட்டார்.

1997 இல் பிரேஸிலின் விட்டோரியா கழகத்துக்குச் சென்றதே அவரது வாழ்வின் திருப்புமுனையாகும். ஐரோப்பாவுக்கு வீரர்களை ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கு ஐரோப்பியர் ஒருவர் பிழைப்புத் தேடிச் சென்றமை அபூர்வமானதே. இடையில் இத்தாலியின் வெனிசியாவில் ஆடியபின், 2000 இல் றியோ டி ஜெனெய்ரோவின் பிளமெங்கோவில் இணைந்தார். 2001 மே 27 ஆம் திகதி மரக்கானா அரங்கில் நடைபெற்ற மாநில இறுதியாட்டத்தில், வாஸ்கோ ட காமாவுக்கு எதிராக இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றாலே கிண்ணம் என்ற நிலை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில், அவர் அடித்த ப்ரீ கிக் வலையின் மேல் மூலைக்குள் புகுந்தது. 3 - 1 என்ற அந்த வெற்றியை பிளமெங்கோ இரசிகர்கள் இன்றும் கொண்டாடுகின்றனர்.

பின்னர் அதே வாஸ்கோவிலும் புளுமினென்ஸேயிலும், சீனாவின் ஷங்காய் ஷென்ஹுவாவிலும், சவூதியின் அல் இத்திஹாத்திலும் அவர் ஆடினார். ஆறு நாடுகள், பதினைந்து கழகங்கள். அவர் அந்நிய மண்ணில் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே தாய்நாடு யூகோஸ்லாவியா என்ற பெயரை இழந்து, 2003 இல் சேர்பியா - மொன்டனீக்ரோவாகி, 2006 இல் சேர்பியாவாகிவிட்டது. உலகக் கிண்ணத்தில் ஆடும் பேறு அவருக்குக் கடைசிவரை வாய்க்கவேயில்லை.

2009 இல் பிளமெங்கோவுக்கு அவர் திரும்பியதும், கழகம் செலுத்த வேண்டியிருந்த பழைய நிலுவை தொடர்பான இணக்கப்பாட்டின் ஓர் அங்கமாகவே. முதுமை எய்திவிட்டார் எனப் பலரும் கருதிய 37 வயதில், அவ்வாண்டின் தேசிய சம்பியன் பட்டத்தைக் கழகம் வெல்வதற்கு அவர் பெரும் பங்காற்றினார். 1992 இற்குப் பின் பிளமெங்கோ பெற்ற முதலாவது தேசியப் பட்டம் அது. 2011 இல் அவர் விடைபெற்றார்.

பெல்கிரேட்டில் ரெட் ஸ்டார் கழகத்தின் அரங்கையும் மக்கள் 'மரக்கானா' என்றே அழைப்பர். றியோவின் அரங்கிலிருந்து இரவல் பெற்ற பெயர் அது. அவ்விரு அரங்குகளிலும் ஆடியவர் பெட்கோவிச். பிறந்த மண் அளிக்கத் தவறிய மேடையை வேறொரு மண் அவருக்கு அளித்தது. ஊர் மாறும் வீரர்களை விசுவாசமற்றவர்கள் எனப் பழிப்பதற்கு முன்னர், அவர்கள் ஊர் மாற நேர்ந்தது ஏன் என்று ஒருகணம் கேட்டுப் பார்ப்பதே நியாயமாகும் என நாம் கருதுகின்றோம்.