கினிப்பிக்குக்கு டாக்டர் தேடுகிறீர்களா?

உங்கள் வீட்டில் கினிப்பிக் இருக்கிறதா? திக்குஸ் பெலாண்டா என்று மலாய்க்காரர்கள் சொல்லும் பிராணிதான். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று கடையிலிருந்து வாங்கி வந்திருப்பீர்கள். கூண்டு, தண்ணீர் பாட்டில், தீனி எல்லாம் வந்தாயிற்று. உடம்புக்கு முடியாமல் போனால் எந்த டாக்டரிடம் போவது என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. போர்டிக்சன், லுக்குட், தெலுக் கெமாங், சிலியாவ் பக்கம் இருப்பவர்கள் அதை இன்றைக்கே யோசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நோய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமே?

அதற்கு நேரம் கிடைக்காது. கினிப்பிக் இயல்பிலேயே மற்ற விலங்குகளுக்கு இரையாகும் இனம். சோர்ந்து கிடப்பதைத்தான் எதிரி முதலில் தூக்கும் என்பதால், முடிந்த மட்டும் நோயை மறைப்பது அதன் சுபாவம். அது சுருண்டு உட்கார்ந்திருப்பதை நீங்கள் கவனிக்கும்போது நோய் முற்றியிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. கினிப்பிக்கின் வயிற்றுக்குள் ஓயாமல் தீனி போய்க்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் சாப்பிடாவிட்டாலே குடல் மந்தமாகிவிடும் (இதைக் குடல் தேக்கம் என்பார்கள்). ஒரு நாள் தாண்டினால் கல்லீரலும் கெடத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கைபேசியை எடுத்து டாக்டரைத் தேட ஆரம்பித்தால், திங்கட்கிழமை அது பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

நாய், பூனை பார்க்கும் டாக்டர் போதாதா?

அவர் கினிப்பிக்கும் பார்த்துப் பழகியவர் என்றால் தாராளமாகப் போதும். பழகாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஆபத்துதான். இந்தப் பிராணியின் உடம்பு மூன்று விஷயங்களில் நாய், பூனையிலிருந்து அடியோடு வேறுபடுகிறது.

முதலாவது, ஆன்டிபயாட்டிக் (கிருமிக்கொல்லி மருந்து). நாய்க்குச் சாதாரணமாகக் கொடுக்கும் அமொக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை வாய் வழியாகக் கொடுத்தால் கினிப்பிக் செத்துப்போகலாம். அதன் குடலில் செரிமானத்துக்கு உதவும் நல்ல நுண்ணுயிர்களை அந்த மருந்து அழித்துவிடுகிறது. அந்த இடத்தில் நச்சுக் கிருமி பெருகி, சில நாட்களில் உயிரை எடுத்துவிடும். பென்சிலின் கினிப்பிக்குக்கு விஷமாகிறது என்பது 1943ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் எழுதிவைத்த செய்தி. கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் போன்றவையும் ஆபத்தானவையே. பாதுகாப்பான மருந்துகள் வேறு இருக்கின்றன. பழகிய டாக்டருக்கு அவை தெரியும்.

இரண்டாவது, வைட்டமின் சி. நாயும் பூனையும் இதைத் தம் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனைப் போலவே கினிப்பிக்கால் அது முடியாது. 1907ஆம் ஆண்டு நார்வே நாட்டில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர், தானியத்தை மட்டுமே தின்ற கினிப்பிக்குகளுக்கு ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் ஈறும் மூட்டும் கெடும் நோய்) வருவதைக் கண்டார்கள். இன்றும் உருண்டைத் தீனியை மட்டும் போட்டு வளர்க்கும் வீடுகளில் அதே நோய் வரலாம். நொண்டி நடக்கும் கினிப்பிக்கைப் பார்த்ததும், ‘என்ன சாப்பாடு போடுகிறீர்கள்?’ என்று கேட்கும் டாக்டர் விஷயம் தெரிந்தவர்.

மூன்றாவது, பல். அதன் 20 பற்களும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத் தேய்ந்தால்தான் அளவாக நிற்கும். தேயாவிட்டால் கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்பக்கம் சாய்ந்து வளர்ந்து நாக்கை அமுக்கிவிடும். முன்பல்லை மட்டும் பார்த்துவிட்டு ‘பல் நன்றாக இருக்கிறது’ என்று அனுப்பினால் இந்த நோய் கண்ணில் படாது.

அப்படிப்பட்ட டாக்டர் எங்கே கிடைப்பார்?

முதலில் போர்டிக்சனிலேயே கேளுங்கள். இங்குள்ள தனியார் விலங்கு கிளினிக்குகளுக்குப் போன் போட்டு, ‘கினிப்பிக் பார்ப்பீர்களா?’ என்று விசாரியுங்கள். ‘எக்ஸாட்டிக்’ (நாய், பூனை தவிர்த்த மற்ற செல்லப் பிராணிகள்) என்ற சொல்லைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். அரசாங்கக் கால்நடை அலுவலகத்தைத் தோட்டத்து மக்கள் மாடு, ஆடு வளர்த்த காலத்திலிருந்தே அறிவார்கள். அந்த அலுவலகத்துக்கு முதல் வேலை பண்ணை விலங்குகள்தான். இருந்தாலும் கினிப்பிக்குக்கு எங்கே போகலாம் என்று அங்கேயும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

அடுத்தது சிரம்பான். சுமார் 30 கிலோமீட்டர்தான். ஊர் பெரியது என்பதால் கிளினிக்குகளும் அதிகம். பெரும்பாலானோருக்கு வழக்கமான டாக்டர் அங்கேதான் அமைவார்.

பெரிய சிக்கல் என்றால் செர்டாங். அங்கே புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. நம் நாட்டில் கால்நடை டாக்டர்கள் பலர் படித்து வந்த இடம் அது. சிரம்பான் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கு நோக்கிப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போவதற்கு முன் போன் செய்து, எக்ஸாட்டிக் டாக்டர் எந்த நாளில் இருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் முறையான டாக்டர்தானா என்று எப்படித் தெரியும்?

1974ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டப்படி, மலேசியாவில் விலங்குகளுக்கு வைத்தியம் பார்ப்பவர் மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தொழில் நடத்தும் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கிளினிக் சுவரில் அது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பெட் ஷாப்பில் ‘இதை ரெண்டு சொட்டு விடுங்க’ என்று கொடுக்கும் மருந்தை வாங்காதீர்கள். ஒரு கிலோ அளவே இருக்கும் உடம்புக்கு அரைச் சொட்டு கூடினாலும் அதிகம்தான்.

போனில் என்ன கேட்பது?

இந்த ஐந்தும் போதும்.

1. மாதத்துக்கு எத்தனை கினிப்பிக் பார்க்கிறீர்கள்?
2. கிருமி தொற்றினால் என்ன ஆன்டிபயாட்டிக் கொடுப்பீர்கள்? வாய்வழி அமொக்சிசிலின் என்று பதில் வந்தால், நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.
3. ஆப்பரேஷனுக்கு முன் இரவெல்லாம் பட்டினி போட வேண்டுமா? ‘வேண்டாம்’ என்பதே சரியான பதில். கினிப்பிக்கால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் நாய், பூனை போல நீண்ட பட்டினி தேவையில்லை. பட்டினி போட்டால் குடல்தான் நின்றுபோகும்.
4. கடைவாய்ப் பல்லைப் பார்க்கக் கருவி இருக்கிறதா? எக்ஸ்ரே எடுப்பீர்களா?
5. கிளினிக் மூடிய பிறகு அவசரம் என்றால் யாரிடம் போவது?

டாக்டரையே கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். ‘எனக்கு இதில் அனுபவம் குறைவு, சிரம்பானில் இன்னாரிடம் கொண்டுபோங்கள்’ என்று ஒருவர் சொன்னால் அவரையும் மதித்துக் குறித்துவையுங்கள். அவசரத்துக்கு முதலுதவி செய்யவும், பெரிய டாக்டரிடம் போனில் யோசனை கேட்கவும் அவர் தயங்க மாட்டார். எல்லாம் தெரியும் என்று சொல்லி ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாதவரிடம்தான் யோசிக்க வேண்டும்.

முதல் தடவை போகும்போது எதைக் கவனிப்பது?

நோய் இல்லாதபோதே ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுங்கள். தடுப்பூசி எதுவும் தேவையில்லை. டாக்டர் எப்படிப் பார்க்கிறார் என்பதுதான் முக்கியம்.

பழகியவர் முதலில் தராசில் வைத்து எடையைக் கிராமில் குறிப்பார். தூக்கும்போது ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும், மறு கையைப் பின்பக்கத்துக்கு அடியிலும் கொடுப்பார். துண்டில் சுற்றி, விளக்குள்ள சிறு கூம்பைக் கடைவாய் ஓரமாக நுழைத்து உள்பற்களை ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பார். வயிற்றை மெல்லத் தடவி, சிறுநீர்ப்பையில் கல் இருக்கிறதா, பெண் என்றால் சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறதா என்று தேடுவார். காது, பாதம், முடியின் வேர் வரை பார்ப்பார். படர்தாமரை இருந்தால் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், இதை விடாமல் கேளுங்கள்.

ஆணா பெண்ணா என்றும் அன்றே சொல்லச் சொல்லுங்கள். கடையில் தவறாகச் சொல்லிக் கொடுப்பது சகஜம். இரண்டும் பெண் என்று நம்பி ஒரே கூண்டில் விட்டு, குட்டி போட்ட பிறகு முழிப்பவர்கள் உண்டு. பெண் கினிப்பிக் ஆறேழு மாதத்துக்கு மேல் முதல்முறையாகக் கருவுற்றால், இடுப்பெலும்பு இறுகிவிட்டதால் பிரசவத்தில் உயிர் போகலாம்.

எந்த அறிகுறிக்கு உடனே ஓட வேண்டும்?

சாப்பிடவில்லை, புழுக்கை குறைந்துவிட்டது அல்லது சிறுத்துவிட்டது, முகவாய் எச்சிலால் நனைந்திருக்கிறது, மூச்சில் சத்தம் வருகிறது, சிறுநீரில் ரத்தம் தெரிகிறது, தலை ஒரு பக்கம் சாய்கிறது, வயிறு மத்தளம் போல உப்பியிருக்கிறது. இதில் எதுவானாலும் நாளைக்குத் தள்ளாதீர்கள். கரைத்துச் சிரிஞ்சில் ஊட்டும் தீனி (‘கிரிட்டிக்கல் கேர்’ மாதிரி) ஒரு பாக்கெட் வீட்டில் வைத்திருப்பது நல்லது. ஆனால் வயிறு உப்பியிருந்தால் எதையும் ஊட்டாமல் நேரே டாக்டரிடம் போங்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது கிளினிக்கில் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மருந்து வீட்டில் மிச்சம் இருக்கும். அதைத் தொடவே தொடாதீர்கள். அது பெரும்பாலும் அமொக்சிசிலினாகத்தான் இருக்கும்.

காடியில் எப்படிக் கொண்டுபோவது?

நம் ஊர் மத்தியான வெயில் 32 டிகிரியைத் தொடும். கினிப்பிக்குக்கு 18 முதல் 24 டிகிரிதான் சுகம். 30 டிகிரியை நெருங்கினாலே அதற்கு ஆபத்து. அதனால் காலையிலேயே கிளம்புங்கள். ஏர்கோனை முதலில் போட்டுக் காடி குளிர்ந்த பிறகு பெட்டியை ஏற்றுங்கள். உள்ளே ஒரு துண்டு, கொஞ்சம் புல், தண்ணீருக்கு வெள்ளரித் துண்டு வையுங்கள். ஜோடி இருந்தால் அதையும் கூட ஏற்றுங்கள், பயம் குறையும். பெட்ரோல் நிலையத்தில் இறங்கினாலும் காடிக்குள் தனியே விடாதீர்கள்.

போகுமுன் புழுக்கையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சுச் சத்தத்தை வீடியோ எடுங்கள். கிளினிக் மேசையில் பயந்து உறைந்துபோய் எதையுமே காட்டாது.

செலவு தாங்குமா?

கினிப்பிக்கை வாங்கிய விலையைவிட ஒரு தடவை டாக்டருக்குக் கொடுப்பது கூடுதலாக இருக்கலாம். அதற்காகக் கூச்சப்பட வேண்டாம், கட்டணத்தை முன்கூட்டியே கேளுங்கள். மாதாமாதம் சில வெள்ளியை ஒதுக்கிவையுங்கள். அது 5 முதல் 8 ஆண்டு வரை வாழக்கூடிய பிராணி. வலியில் கிடக்கும் பிராணிக்கு வைத்தியம் பார்ப்பது உரிமையாளரின் கடமை என்று 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் சொல்கிறது.

செலவைக் குறைக்கும் வழி வீட்டிலேயே இருக்கிறது. நாள் முழுதும் புல், தினமும் குடைமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லித் தழை, எப்போதாவது கொய்யாத் துண்டு. வைட்டமின் சி-க்கு இவை போதும். தோட்டத்து ஓரம் நேப்பியர் புல் வெட்டும்போது மட்டும் கவனம்: களைக்கு மருந்து அடித்த இடம் என்றால் ஒரு கட்டுக்கூட வேண்டாம். தகரக் கூரைக்கு நேர் கீழே கூண்டை வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை பாருங்கள். 50 கிராம் குறைந்தால் கவனியுங்கள், இன்னும் குறைந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத நோயைத் தராசு முதலில் சொல்லிவிடும்.

இந்த வாரமே மூன்று எண்களைத் தேடிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்: போர்டிக்சனில் அவசரத்துக்கு ஒருவர், சிரம்பானில் வழக்கமான டாக்டர், செர்டாங் மருத்துவமனை. இரவு நேரத்துக்கு என்றால், கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா பக்கம் 24 மணி நேரமும் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனைகள் உண்டு. அவற்றில் கினிப்பிக் பார்ப்பது எது என்று கேட்டு, நான்காவதாக அந்த எண்ணையும் எழுதிவையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரத்திலும் பிள்ளைகள் கூப்பிடும்படி, ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் டாக்டரின் பெயரும் திறக்கும் நேரமும் இருக்கட்டும்.