தலை காத்த தர்மம்

தர்மம் தலை காக்கும் என்பது நம் பெரியோர் வாக்கு. பிரபுக்களின் தலைகள் கில்லட்டின் இயந்திரத்தில் உருண்ட பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இந்த வாக்கு எவ்வளவு தூரம் பலித்தது? பாந்தியேவர் கோமகனின் சரித்திரம் இதற்கு விடை கூறுகிறது.

அவர் 1725-ஆம் ஆண்டில் ராம்பூயே மாளிகையில் பிறந்தார். பதினான்காம் லூயி மன்னருக்கும் மாண்டெஸ்பான் சீமாட்டிக்கும் பிறந்து, பின்னர் அரச புத்திரராக அங்கீகரிக்கப்பட்டவரே அவருடைய தந்தை. தந்தை இறந்தபோது இவருக்கு வயது 12. பிரான்ஸின் கடற்படைத் தலைமைப் பதவி அந்தச் சிறுவரைத் தேடி வந்தது. 1775-ல் உறவினர் ஒருவரின் ஆஸ்தியும் சேரவே, தேசத்தின் மிகப் பெரிய செல்வர்களுள் ஒருவரானார்.

ஆனால் செல்வம் துயரைத் தடுக்கவில்லை. 1754-ல் மனைவி பிரசவத்தில் காலமானார். 1768-ல் இருபது வயது மகனும் மறைந்தான். பெற்ற மக்கள் எழுவரில் எஞ்சியவள் ஒரே மகள். 1783-ல் ராம்பூயேயை மன்னர் பதினாறாம் லூயிக்கு விற்க நேர்ந்தபோது, பெற்றோர், மனைவி, மக்கள் ஆகியோரின் ஒன்பது சவப்பெட்டிகளைத் துரூ நகரக் கோயிலுக்குக் கொண்டு சேர்த்தார்.

இத்தனை இழப்புகளுக்கு நடுவே அவர் மனம் கல்லாகிவிடவில்லை. ஏழைகளுக்கு வாரி வழங்கினார். லெஸாந்தலி என்ற ஊரில் அவர் எழுப்பிய வைத்தியசாலைக் கட்டடம் அந்த ஈகைக்குச் சாட்சி.

புரட்சி வெடித்தது. 1792 செப்டம்பரில் அவருடைய விதவை மருமகள் லாம்பால் இளவரசியை ஜனக் கும்பல் கொன்றது. 1793 ஜனவரியில் மன்னர் சிரச்சேதம் செய்யப்பட்டார். அதற்கு வாக்களித்தவர்களுள் ஒருவர் கோமகனின் மகளை மணந்த ஆர்லியான் பிரபு! கிழவரின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்? ஆயினும் வெர்னான் நகர ஜனங்கள் தங்கள் வள்ளல்மீது கை வைக்கவில்லை. மார்ச் 4-ந் தேதி, அந்நகரை அடுத்த பிஸி மாளிகையில் அவர் இயற்கை மரணம் எய்தினார்.

அடுத்த மாதமே போர்பன் குலத்தாரைச் சிறைப்பிடிக்க ஆணை பிறந்தது, மகளும் கைதியானாள். அவ்வாண்டு நவம்பரில் துரூ கல்லறை உடைக்கப்பட்டு, கோமகனின் உடலும் பொதுக் குழியில் எறியப்பட்டது. 1816-ல் மகள் அங்கே புதிய ஆலயம் எழுப்பத் தொடங்கினாள்.

தர்மம் அவருடைய தலையைக் காத்தது, குடும்பத்தைக் காக்கவில்லை. ஒரு பிரபுவின் ஈகை, ஒரு வர்க்கத்தின் அநீதிக்கு ஈடாகுமா? கொடுத்தவர் ஒருவர், கொடாதவர் எத்தனையோ பேர். அந்தக் கணக்கையே புரட்சி தீர்த்தது.